தென்னாப்பிரிக்காவில் வீண் வழக்குப் போடுபவரைத் தடுக்கச் சட்டம் உண்டா?

உண்டு. 1956-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. முகாந்திரமே இல்லாமல் ஒருவர் ஓயாமல் வழக்குத் தொடுத்தால், இனி அனுமதி பெறாமல் வழக்குப் போடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் ஆணையிடலாம். தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டுவதும் பொதுவான வழக்கம். ஆனால் நீதிபதிக்கும் ஊழியர்களுக்கும் போகும் சம்பளம் நம் வரிப்பணம். அதை யாரும் திருப்பித் தருவதில்லை.

டர்பன் நீதிமன்றத்தில் அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த பாட்டி ஒருவரைப் பார்த்தேன். மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் வீட்டுப் பத்திரம். மூன்றாம் முறையும் வாய்தா. வீண் வழக்கு தின்பது இவர்களின் நாட்களைத்தான்.

அரசியலமைப்பு உரிமைக்காக அரசை எதிர்த்து நேர்மையாக வழக்காடித் தோற்றவர்மீது பொதுவாகச் செலவைச் சுமத்துவதில்லை. 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வகுத்த நெறி அது. வீண் வழக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.