மகள் பெயரில் 20,000 டாலர்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மகள் 2027 இலையுதிர் பருவத்தில் கல்லூரியில் சேரவிருக்கிறாள். அவள் பெயரில், என் பொறுப்பிலுள்ள கணக்கில் 20,000 டாலர் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவில் இது பாதகமாகுமா? என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: பாதகமாகும். மாணவர் பெயரிலுள்ள சேமிப்பில் 20 சதவீதத்தை, அதாவது 4,000 டாலரை, படிப்புக்கு எடுக்கக்கூடிய பணமாக ஃபாஃப்சா கணக்கீடு கொள்கிறது; அதுவே பெற்றோர் சொத்தாக இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம், அதாவது 1,128 டாலர்தான். ஆனால் சட்டப்படி அது மகளின் பணம். உங்கள் பெயருக்கு மாற்ற இயலாது. அவள் பெயரிலேயே 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டால், பணம் அவளுடையதாகவே இருந்தும், ஃபாஃப்சா அதைப் பெற்றோர் சொத்தாகக் கருதும் (விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி). அந்தக் கணக்கு ரொக்கத்தை மட்டுமே ஏற்கும். இப்போதுள்ள கணக்கில் பங்குகள் இருந்தால் முதலில் விற்க வேண்டும், லாபத்துக்கு வரி உண்டு. சொத்து மதிப்பு விண்ணப்பத்தில் கையொப்பமிடும் நாளுக்குரியது என்பதால் அதற்குள் முடித்துவிடுங்கள். ஆனால் அதில் கணக்கிடப்படும் வருமானம் 2025ஆம் ஆண்டுக்குரியது. குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்பதில்லை. பல தனியார் கல்லூரிகள் கோரும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற மற்றொரு நிதியுதவி விண்ணப்பம் கேட்கும்.