ஈர்ப்பும் கருந்துளையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கருந்துளையின் ஈர்ப்பு விசை எவ்வளவு? (நெல்லிக்குப்பம்)

கருந்துளை என்பது ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு நிறை நெருங்கி அடங்கிய இடம். எந்தக் கருந்துளை, எவ்வளவு நிறை, எவ்வளவு தூரத்தில்? மூன்றில் ஒன்றையும் எழுதாமல் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. மையத்திலிருந்து தூரம் சொல்லாமல் ஈர்ப்பைப் பேசாதீர்கள்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லையாமே? (லாஸ்பேட்டை)

இருக்கிறது. 400 கி.மீ. உயரத்தில், தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை.

சூரியன் நாளைக்கே கருந்துளை ஆகிவிட்டால் பூமியை உறிஞ்சிவிடுமா? (திருப்பாதிரிப்புலியூர்)

இதே கேள்வி, ஒரே வாட்ஸ்அப் செய்தியை ஒட்டி, பலரிடமிருந்து வந்திருக்கிறது. உறிஞ்சாது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள்கூட "கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும்" என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பெரிய வருத்தம். கருந்துளைக்கென்று தனியாக ஓர் ஈர்ப்பு கிடையாது. நிறை அதேதான், 15 கோடி கி.மீ. தூரமும் அதேதான், அப்படியானால் பூமி அதே பாதையில் அதே 365 நாளில் சுற்றும். வெயில் இருக்காது, குளிரில் சாவோம். அது வேறு விஷயம்.

பிறகு கருந்துளையில் என்னதான் விசேஷம்? நெருங்க முடிவதுதான். இன்றைய சூரியனின் ஆரம் 7 லட்சம் கி.மீ. அதன் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போனால், உங்களுக்கு வெளியே விட்டுவந்த அடுக்குகளின் இழுப்பு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உள்ளே மிச்சமிருக்கும் நிறைதான் இழுக்கும். மையத்தில் இழுப்பு பூஜ்யம். அதே நிறை முழுவதையும் 3 கி.மீ. ஆரத்துக்குள் அடக்கினால், முழு நிறையையும் எதிரில் வைத்துக்கொண்டே மையத்தை அவ்வளவு நெருங்கலாம். அங்கேதான் ஒளியும் தப்ப முடியாத எல்லை. பூமியை அப்படி அடக்க 9 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: நிறையும் தூரமும்.

சூரியன் எப்படியும் கருந்துளை ஆகப்போவதில்லை. வெண்குள்ளன் (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சிறிய, அடர்ந்த மிச்சம்) தாங்கக்கூடிய உச்ச நிறை, இயற்பியலாளர் சந்திரசேகர் கணக்கிட்டபடி, சூரிய நிறையைப் போல் 1.4 மடங்கு; அதற்குக் கீழே நிற்கும் சூரியன் வெண்குள்ளனாகத்தான் முடியும். செய்தியைப் பகிரும் முன் இதையாவது பாருங்கள்.

ஒளிக்கு நிறை இல்லையே, எப்படி வளைகிறது? (வில்லியனூர்)

நல்ல கேள்வி. ஐன்ஸ்டைன் கொள்கையில் ஈர்ப்பு என்பது காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியின் வளைவு. அதில் பயணிக்கும் எதுவும் வளையும். சூரியனருகே வரும் நட்சத்திர ஒளி வளைவதை, 1919 சூரிய கிரகணத்தில் வானியலாளர் எடிங்டன் குழுவினர் அளந்து பார்த்தார்கள். வளைப்பதும் பருப்பொருள் மட்டுமல்ல, ஆற்றலும்தான். அணுக்கருவிலுள்ள புரோட்டானின் நிறையில், அதற்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற துகள்களின் சொந்தப் பங்கு 1 சதவீதம் அளவுதான். மீதி, அவற்றின் ஓட்டமும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றலும். உங்கள் எடையில் பெரும்பகுதி அதுதான்.

தேவனாம்பட்டினத்தில் அலை ஏறி இறங்குவதற்கும் கருந்துளைக்கும் சம்பந்தம் உண்டா? (கடலூர் முதுநகர்)

உண்டு. சூரியன் பூமியை நிலவைவிட சுமார் 180 மடங்கு பலமாக இழுக்கிறது. ஆனாலும் ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதில், நிலவின் பங்குதான் இரண்டு மடங்கு. காரணம், ஓதத்தை உண்டாக்குவது பூமியின் இரு பக்கத்து இழுப்புக்கும் உள்ள வித்தியாசம். அருகிலிருக்கும் நிலவுக்கு அந்த வித்தியாசம் அதிகம். கருந்துளையை நெருங்குபவரின் காலுக்கும் தலைக்கும் இடையே வருவதும் இதே வித்தியாசம்தான். பத்து சூரிய நிறையுள்ள சின்னக் கருந்துளை, எல்லையைத் தொடும் முன்பே ஆளைக் கிழித்துவிடும்; நிறை பல லட்சம் மடங்கானால் எல்லையைக் கடப்பதே உடம்புக்குத் தெரியாது.

ஒளியே வெளியே வராதபோது ஈர்ப்பு மட்டும் எப்படி வருகிறது? (முத்தியால்பேட்டை)

எதுவும் வெளியே வர வேண்டியதில்லை. நட்சத்திரம் சரியும் முன்பே சுற்றிலும் வளைவு இருந்தது. சரிந்த பின்னும் அது அங்கேயே இருக்கிறது.

பால்வீதி நடுவிலுள்ள கருந்துளை நம்மை எப்போது விழுங்கும்? (பண்ருட்டி)

விழுங்காது. அதன் நிறை சுமார் 40 லட்சம் சூரியன்கள், தூரம் 26,000 ஒளியாண்டு. நம்மைச் சுற்றுப்பாதையில் பிடித்துவைத்திருப்பது இடையிலுள்ள நட்சத்திரங்களும், கண்ணுக்குத் தெரியாத ஆனால் நிறையுள்ள கரும்பொருளும். அந்த இழுப்பில் கருந்துளையின் பங்கு மிகச் சொற்பம்.