புனைபெயர் எங்கெல்லாம் கசியும்?

கேள்வி: இரண்டு பெண்களின் காதலை ஒரு கதைச் செயலியில் புனைபெயரில் 32 அத்தியாயத் தொடராக எழுதி முடித்திருக்கிறேன். கிண்டிலில் மின்னூலாகப் போட ஆசை. வீட்டுக்குத் தெரியக் கூடாது. என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தொடரை நீக்குவதற்கு முன்னால், அந்தச் செயலியில் நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளைப் படியுங்கள். பிரத்தியேக உரிமை கொடுத்திருந்தால், அதன் காலம் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கிண்டிலில் நூல் போடுவது ‘கேடிபி’ என்ற அமேசானின் சுயபதிப்புத் தளம் வழியாகத்தான். இந்திய விற்பனைக்கு 70% ராயல்டி வேண்டுமென்றால் அதன் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும், விலையும் அவர்கள் சொல்லும் வரம்புக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35%தான். சேர்ந்தபின் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. மாதிரிக்கு 10% வரை விடலாம். அத்தியாயங்கள் ஏறக்குறைய ஒரே நீளம் என்றால் உங்களுக்கு அது முதல் மூன்று. பலர் மாட்டிக்கொள்வது, தொடரை நீக்கிய பிறகும் யாரோ நகலெடுத்துப் போட்ட பிரதி இணையத்தில் கிடப்பதால்தான். கதையின் நடுவிலிருந்து சில வாக்கியங்களை எடுத்து, மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் தேடிவிடுங்கள். 90 நாள் முடிந்தால் திட்டம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் முன்கூட்டியே அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் கதைக்கு செலக்ட்டே மேல் என்பேன். அதில் சேர்ந்த நூல்களைக் கிண்டில் அன்லிமிடெட் சந்தாக்காரர்கள் தனியாகக் காசு கொடுக்காமல் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த வகைக் கதையைத் தயங்கித் தொடும் வாசகர்களும் அங்கே உண்டு. அலமாரியில் புத்தகமாக வைக்க முடியாதவர்கள்.

இனி ரகசியம். கேடிபி கணக்கில் உண்மைப் பெயர், பான், வங்கி விவரம் கொடுத்தே ஆக வேண்டும். அது வாசகருக்குத் தெரியாது. நூலாசிரியர் பெயராகப் புனைபெயரைப் போடலாம். கசிவதெல்லாம் வேறு இடங்களில். வீட்டார் பொருள் வாங்கும் அமேசான் கணக்கிலேயே கேடிபியைத் திறக்காதீர்கள். புது மின்னஞ்சலில் தனிக் கணக்கு வேண்டும். அப்பாவோடு சேர்ந்த வங்கிக் கணக்கு வேண்டவே வேண்டாம், ராயல்டி வந்ததும் பாஸ்புக் சொல்லிவிடும். அட்டை வரைபவருக்கு யுபிஐயில் பணம் அனுப்பினால் வங்கியிலுள்ள பெயர் அவருக்குத் தெரியும். வேர்ட் கோப்பின் பண்புகளில் கணினி உரிமையாளர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நண்பர்களுக்குப் படிக்க அனுப்புமுன் ‘டாக்குமென்ட் இன்ஸ்பெக்டர்’ வழியாக நீக்குங்கள். இன்ஸ்டாகிராமில் புனைபெயர்க் கணக்குத் தொடங்கும்போது கைபேசி எண் தராமல், தொடர்புப் பட்டியல் இணைப்பையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் சித்தி மகளுக்கே உங்கள் கணக்கைப் பரிந்துரைக்கும்.

மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளம் காட்டும் எண்) தேவையில்லை. புனைபெயரில் வந்தாலும் காப்புரிமை உங்களுக்கே.

அறிமுகக் குறிப்பில் மழுப்பாதீர்கள். நாயகிகள் இருவர் பெயரும் முதல் இரண்டு வரியில் வரட்டும். திருப்பமாக வைக்கலாமென்று மறைத்தால், வேறெதையோ எதிர்பார்த்து வந்தவர் ஒற்றை நட்சத்திரம் போடுவார், தேடி வந்தவருக்கோ நூல் கண்ணில் படாது. முடிவு மகிழ்ச்சியானதென்றால் அதையும் குறிப்புணர்த்துங்கள்; ரொமான்ஸ் வாசகர்கள் கேட்பது அதைத்தான். கேடிபி படிவத்தில் தேடல் சொற்களுக்கு ஏழு கட்டங்கள் உண்டு. சிலவற்றில் தமிழிலும், சிலவற்றில் ஆங்கில எழுத்தில் தமிழிலும் நிரப்புங்கள்.

வெளியான பின் கணக்கில் நுழையாத உலாவியில் உங்கள் நூலைத் தேடிப் பாருங்கள். 2009 ஏப்ரலில் அமேசானில் கே, லெஸ்பியன் நூல்கள் உட்பட 57,310 நூல்கள் பாதிக்கப்பட்டு, பல தேடலிலேயே காணாமல் போயின; வகைப்படுத்தலில் நேர்ந்த பிழை என்றது நிறுவனம். உங்கள் நூலும் தென்படாவிட்டால், அட்டைப்படமும், நூலைப் பதிவேற்றும்போது கேடிபி கேட்கும் ‘வயதுவந்தோர்’ கேள்விக்கு நீங்கள் அளித்த பதிலும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.