சின்ன கல்லூரியில் ஆராய்ச்சியா?

கேள்வி: மகள் மதுரைப் பக்கம் ஒரு சின்ன கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறாள். முதுகலை வகுப்பே இல்லாத இடத்தில் பேராசிரியர் ஆராய்ச்சி என்று திரிந்தால் பாடம் என்னாவது?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அப்படிப்பட்ட ஆசிரியர் கிடைத்தது உங்கள் மகளின் அதிர்ஷ்டம். ஆராய்ச்சி என்றதும் கோடிக்கணக்கில் கருவி வேண்டும் என்று நினைக்கிறோம். நம் பக்கத்து மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறதே, 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்த இடம், அங்கே நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்களைக் கணினியில் ஏற்றி எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்த நாள் படங்களில் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலும் தள்ளியும் உள்ள கரும்புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்தால் போதும், சூரியன் நடுக்கோட்டுப் பக்கம் வேகமாகவும் துருவத்தை நோக்கிப் போகப்போக மெதுவாகவும் சுழல்வதை இரண்டாம் ஆண்டு மாணவியே கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம்.

அப்புறம் பாடம். தானே அளந்து பார்க்கிறவர் ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டை மட்டும் பார்க்க மாட்டார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு ஒன்றாகத் தெரிந்தால், ஒளி நுழையும் பிளவைக் குறுக்கி, கிரேட்டிங் என்னும் நுண்கோடு கீறிய தகட்டில் நிறங்கள் இன்னும் விலகித் தெரியும் இரண்டாம் வரிசையில் பார்க்கச் சொல்வார். அது 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் இரண்டாகப் பிரியும்வரை விடமாட்டார்.

நேரம்தான் பெரிய சிக்கல். வகுப்பு, விடைத்தாள் எல்லாம் போக மிஞ்சும் மாலையிலும் விடுமுறையிலும்தான் அவர் ஆராய்ச்சியைச் செய்கிறார். மகளை அந்த வேலையில் சேர்த்துக்கொள்வாரா என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.