கேள்வி – பதில்: கடவுளுக்கு நிறம் உண்டா?

கேள்வி: 'கடவுள் கறுப்பர்' என்று சொல்லும் ஓர் இறையியல் அமெரிக்காவில் இருப்பதாக எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அன்பே உருவான கடவுளுக்கு நிறம் பூசுவது, வெள்ளையர் செய்த தவற்றைத் திருப்பிச் செய்வதாகாதா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிறம் ஏற்கெனவே பூசியாயிற்று, சகோதரி. ராயபுரத்து வீடுகளில் தொங்கும் காலண்டர்களில் பொன்னிற முடியோடு இருக்கும் இயேசுவைப் பார்த்து நாம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்த செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பரை, அது அவருக்குரிய இடமன்று என்று சொல்லி, ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் பிடித்து எழுப்பினார்கள். அவரோடு வெளியேறிய ரிச்சர்ட் ஆலன் தலைமையில்தான் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை உருவானது. மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் அச்சான வேதாகமச் சுருக்கத்திலோ, இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படும் கதையையே காணோம். (எதை மறைக்க வேண்டும் என்பது எஜமானர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.)

இந்த வரலாற்றின் மேல் நின்றுதான் அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1969இல் கறுப்பின இறையியலை நூலாக எழுதினார். கறுப்பு என்று அவர் சொன்னது தோலின் நிறத்தை மட்டுமன்று. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் கடவுளுக்கு அமெரிக்க மண்ணில் அவர் கண்ட பெயர் அது. கும்பல்கள் கறுப்பரைக் கொன்று தொங்கவிட்ட மரத்தையும் சிலுவையையும் அருகருகே வைத்து, 2011இல் அவர் எழுதிய நூலைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும்.

நம் சென்னையிலும், கோட்டைக்கு வெளியே நம்மவர் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் 'பிளாக் டவுன்' என்றுதான் அழைத்தார்கள். ஜார்ஜ் டவுன் என்பது பிறகு வந்த பெயர். அதனால் நாமும் கோனின் கறுப்பர்தாம் என்று உடனே சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்துப் பிரித்தவர்கள் நம் சபையார்தாம். 1980களில் சென்னைக் குருகுல இறையியல் கல்லூரியில் ஏ.பி. நிர்மல் முன்னெடுத்த தலித் இறையியல், கடவுள் யார் பக்கம் நிற்கிறார் என்ற கேள்வியை நம்மை நோக்கியே திருப்பியது.

கோனிடமும் குறை உண்டு. கறுப்பினப் பெண்களை அவர் தொடக்கத்தில் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் வெளியான தம் நூலில், எகிப்தியப் பணிப்பெண்ணான ஆகாரை எடுத்துக்காட்டுகிறார். வனாந்தரத்திற்கு ஓடிய அவளைக் கண்ட தூதன் விடுவிக்கவில்லை; எஜமானியிடமே திரும்பிப் போகச் சொல்கிறான்.