லம்போர்கினி மியூராவில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் ஏன்? அதனால் என்ன கெடும்?

காரணம் இடநெருக்கடிதான். 3,929 சிசி வி12 இன்ஜினை ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் குறுக்காக வைக்க வேண்டியிருந்தது. அதனால் பழைய மினி காரின் வழியிலேயே போய், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் (சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பகுதி) இன்ஜின் பிளாக்கோடு ஒரே வார்ப்பாக்கிவிட்டார் லம்போர்கினியின் பொறியாளர் ஜியான் பாவ்லோ டல்லாரா. எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் ஆயிலும் ஒன்றே. 1965 டூரின் கண்காட்சியில் மியூரா வெறும் சேஸியாகவே (உடல் பொருத்தாத அடிச்சட்டம்) கூட்டத்தை இழுத்தது. வடிவமைப்பாளர் மார்செல்லோ காந்தினி வடித்த உடலோடு 1966 ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது.

சிக்கல் ஆயிலில். கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி அதன் பிசுபிசுப்பைக் குறைக்கும். பல்லில் உதிரும் இரும்புத் தூள் அதே ஆயிலில் சுற்றுவதால், ஃபில்டரில் சிக்காதது கிராங்க் பேரிங்கை (இன்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் மெல்லிய உலோகத் தாங்கி) கீறிவிடும். கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால், இந்தக் காரில் அது இன்ஜினுக்கும் எச்சரிக்கை.

ஆகவே ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டும் ஊசித் துணுக்கு பெரும்பாலும் கியர் பல். ஒட்டாத வெள்ளித் தகடு போன்ற செதில் பேரிங் மேற்பூச்சாக இருக்கலாம்; அதைக் கண்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

1971-ல் வந்த எஸ்வி மாடலின் பிற்கால வண்டிகளில்தான் இரண்டு ஆயிலையும் பிரித்தார்கள். வாங்குவதானால் என் பரிந்துரை அதுதான்.