காக்காப்பொன், பொட்டாஷ், வைரம் – கடிதம்

வணக்கம் சார்,

மணலியில் ஓர் உரக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். போன ஞாயிறு என் மகன், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறையிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வந்தான். அதில் கறுப்பாக மினுக்கும் பொட்டுகள். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரிகின்றன. "நிலக்கரி இறுகித்தான் வைரமாகுது, இது பாதி வழியில நிக்குது" என்று என் மாமா சொல்லிவிட்டார். பையன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறான். ஆஸ்திரேலியாவில் பொட்டாசியம் மிகுந்த எரிமலைப் பாறையில் வைரம் கிடைத்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் தினமும் மூட்டைக் கணக்கு எழுதும் பொட்டாஷுக்கும் (பொட்டாசியம் கலந்த உரம்தானே அது) வைரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ச., திருவொற்றியூர்

அன்புள்ள ச.,

வைரம் ஏடாக உரியாது. உங்கள் வீட்டில் இருப்பது காக்காப்பொன், அதாவது மைக்கா. கறுப்பு என்பதால் பெரும்பாலும் பயோடைட் என்ற வகையாக இருக்கும். ஆனால் பையன் சும்மா ஒன்றும் தூக்கி வரவில்லை. நான் சொன்ன ஆஸ்திரேலியப் பாறையின் பெயர் லாம்ப்ரோயிட். அதில் முக்கியமான கனிமம் ஃப்ளோகோபைட், அதுவும் காக்காப்பொன்தான். பயோடைட்டில் இரும்பு அதிகம், ஃப்ளோகோபைட்டில் மெக்னீசியம் அதிகம். மற்றபடி இரண்டும் பங்காளிகள்.

அது ஏன் உரிகிறது தெரியுமா? ஒவ்வோர் ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் நடுவே வரிசையாக உட்கார்ந்து ஒட்டவைத்திருப்பது பொட்டாசியம். அந்த ஒட்டு பலவீனமானது. பையன் நகத்தால் நெம்பும் இடம், நீங்கள் பேரேட்டில் எழுதும் அதே சரக்கு இருக்கும் இடம்.

மாமாவின் நிலக்கரிக் கதையை நானும் சின்ன வயதில் நம்பியவன். கொடியில் காயும் வேட்டியில் கரித்தூசி படியும் தெருவில் வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு ஆறுதலான கதை! ஆனால் கணக்கு உதைக்கிறது. பூமியில் மரம் என்று ஒன்று வளரத் தொடங்கி 40 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. தென்னாப்பிரிக்க வைரங்களுக்குள் சிக்கியிருந்த கார்னெட் என்ற கனிமத்தின் நுண்ணிய மணிகளை 1984இல் ஆய்ந்தபோது, அவற்றின் வயது 300 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. அவற்றை மேலே கொண்டுவந்த, அங்குள்ள கிம்பர்லி ஊரின் எரிமலைப் பாறைக்கோ (கிம்பர்லைட் என்பார்கள்) சுமார் 9 கோடிதான். ஆக, எரிமலை வைரத்தைப் பெற்ற தாய் இல்லை, ஏற்றி வந்த லாரி. வைரம் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பழைய கண்டங்களின் தடித்த வேர்ப்பகுதியில் உருவாகிக் கிடந்தது. வழியில் போன எரிகுழம்பு அதை அள்ளிக்கொண்டு வந்தது.

வேகமாகவும் வர வேண்டும். சூட்டோடு மெதுவாக ஏறினால் வைரம் பென்சில் கரியாகிவிடும், அதாவது கிராஃபைட். மொராக்கோவில் பெனி புசேரா என்ற இடத்தில் அப்படி மாறியவை கிடைக்கின்றன. உருவம் எட்டு முகம் கொண்ட வைரம், உள்ளே முழுக்கக் கிராஃபைட். மாமாவிடம் காட்ட வேண்டியது அதைத்தான். நடந்தது நேர் எதிர்த்திசையில்.

சரி, பொட்டாசியத்துக்கு வருவோம். பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசத்தில் பெரும்பாலும் ஒலிவின், பைராக்சின் என்ற கனிமங்கள்தான். பொட்டாசியம் பெரிய அணு, அந்தப் படிகங்களில் அதற்கு இடமில்லை. அதனால் சாதாரண பசால்ட் எரிகுழம்பில் பொட்டாசியம் ஆக்சைடு ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். லாம்ப்ரோயிட்டிலோ அது 10 சதவீதத்தைத் தொடுவதுண்டு, சோடியம் மட்டும் குறைவு. இந்த வினோதத்துக்குப் பலரும் ஒப்பும் விளக்கம் இது: கண்டத்தின் வேர்ப்பகுதி ஒரு காலத்தில் உருகி, சோடியமும் அலுமினியமும் வடிந்து, சக்கையாகிவிட்டது. பிறகு கீழிருந்து வந்த திரவங்கள் அதில் ஊறி, விரிசல் வழியே ஃப்ளோகோபைட் நரம்புகளைப் படியவைத்தன. அந்தப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு, கடல்தட்டோடு உள்ளே அமிழ்ந்த பழைய வண்டலிலிருந்து வந்திருக்கலாம். நூறு கோடி ஆண்டுகள்கூட அப்படியே கிடந்து, பின்னர் சூடேறும்போது அந்த நரம்புகளே முதலில் உருகி, லாம்ப்ரோயிட் எரிகுழம்புக்குப் பொட்டாசியத்தைத் தருகின்றன.

எனவே பொட்டாசியம் வைரத்தைச் செய்வதில்லை. இரண்டும் ஒரே வீட்டின் அடித்தளத்தில் குடியிருந்தவை, அவ்வளவுதான். ஒலிவின் நிறைந்த லாம்ப்ரோயிட்டில்தான் வைரம் பெரிதும் கிடைக்கிறது, லூசைட் என்ற பொட்டாசியக் கனிமம் நிறைந்ததில் அரிது. மேற்கு ஆஸ்திரேலியாவின் லூசைட் பாறைகள் ரொம்ப நாளாகவே தெரிந்தவை. வைரம் என்றால் கிம்பர்லைட் என்று எல்லோர் மனதிலும் பதிந்திருந்ததால் 1970கள் வரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1979இல் அங்கே ஆர்கைல் என்ற வைரப் பாறை கிடைத்தது, பின்னர் சுரங்கமானது. (அந்த வட்டாரத்தின் பெயரும் கிம்பர்லி! இரண்டு கிம்பர்லிக்கும் ஒரே ஆங்கிலேயப் பிரபுவின் பெயர்தான். புவியியல் மாணவர்களைக் குழப்பவே வைத்தது போல.) இளஞ்சிவப்பு வைரத்துக்குப் பெயர் பெற்ற அந்தச் சுரங்கத்தை 2020இல் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வந்ததில் பெரும்பகுதி பழுப்பு நிறப் பொடிக் கற்கள்தான். அவை பட்டை தீட்டச் சூரத்துக்கு வந்தன. சவுகார்பேட்டையில் வாங்கிய ஏதோ ஒரு மூக்குத்தியில் அப்படி ஒன்று இருக்கவும் கூடும்.

நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தின் பன்னா அருகே வைரம் கிடைக்கும் மஜ்கவான் பாறையைக் கிம்பர்லைட் என்பதா லாம்ப்ரோயிட் என்பதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். கனிமங்களைப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் சாட்சி இருக்கிறது. எனக்குப் பெயர் முக்கியமாகப் படவில்லை.

சென்னையைச் சுற்றியுள்ள குவாரிக் கல் பெரும்பாலும் சார்னோக்கைட் வகை. அது மேலோட்டின் அடிப்பகுதிப் பாறை, வைரம் உருவாகும் ஆழத்துக்குப் போனதே இல்லை. ஆகவே அலைக்கல்லை உடைத்துத் தேடிப் பயனில்லை. ஆனால் பையனை ஓர் ஏட்டை உரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லியதாக உரித்தால் கறுப்பு போய்த் தேன் நிறத்தில் வெளிச்சம் உள்ளே வரும். அடுத்த முறை போகும்போது கூடவே போங்கள், அந்தக் கற்களில் பாசி மோசமாக வழுக்கும்.